அம்மாவைக் கேட்டீர்களா?

"இனிமே வீட்டுல வெச்சுப் பார்த்துக்கங்க" என்று மருத்துவர் சொன்னது மகளிடம். சொன்ன இடம் வார்டுக்கு வெளியே, மாடிப்படி ஓரம். உள்ளே கட்டிலில் கிடந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்திருந்தது. எந்த வீடு என்று மருத்துவரும் கேட்கவில்லை, மகளும் யோசிக்கவில்லை. மறுநாள் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"கமுதிப் பக்கம் எங்க வீடு பூட்டிக் கெடக்கு தாயி. அங்க கொண்டுபோய்ப் போட்டுரச் சொல்லு."

மதுரையைச் சுற்றி வீடு வீடாகப் போய், குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கிற செவிலி நான். பதினோரு வருடமாக இதுதான் வேலை. 'எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்?' என்ற கேள்வியை நோயாளியிடம் கேட்டவர்களை இத்தனை வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்வி மகனிடம் போகிறது, மருமகனிடம் போகிறது, பணம் கட்டுகிறவரிடம் போகிறது.

அந்த அம்மாவை முதலில் கொண்டுபோனது மகள் வீட்டுக்குத்தான். மகள் குடியிருந்தது ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனம். ஆம்புலன்ஸ் வந்து நின்றதுமே வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "இங்க வெச்சு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்னம்மா பண்றது? தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்." அவிட்டம், சதயம் மாதிரி நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்துவைக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் குடிவர மாட்டார்கள் என்ற பயம் வேறு. மாடியேறிப் போய்ப் பேசினேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் சம்மதிக்கவில்லை.

பல நாடுகளில் புற்றுநோயாளிகளிடம் கேட்டுப் பார்த்ததில், கடைசி நாட்களை வீட்டில் கழிக்கவே பெரும்பாலோர் விரும்புவதாகத் தெரிகிறது. நான் பார்த்தவர்களிலும் அப்படித்தான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவர் 'வீடு' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீடு வேண்டாம் என்றவர்களும் உண்டு. கீழமாசி வீதிப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு வாய்ப் புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியிலயே கெடந்துக்கிறேன் சிஸ்டர். இந்த நாத்தத்துல புள்ளைக சோறு திங்க முடியல" என்றார். மருத்துவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, தினமும் கட்டு மாற்றினோம். ஐந்தாறு நாளில் வாடை அடங்கியது. அடுத்த வாரம் அவரே, "வீட்டுக்குப் போயிரலாமா?" என்றார். அவர் வேண்டாம் என்றது அந்த வாடையைத்தான், வீட்டை இல்லை. அன்றிலிருந்து நோயாளி சொல்லும் இடத்தை என் நோட்டில் பென்சிலால்தான் எழுதுகிறேன். போகிற ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேட்கிறேன்.

வலி அடங்காமல் வீடு என்ற பேச்சே இல்லை. வாயால் விழுங்கும் மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. இது விலை உயர்ந்த வைத்தியம் இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாக்கினார்கள். சட்டம் இளகினாலும் மனசு இளகவில்லை. "போதை மருந்தாமே, பழகிராதா?" என்று இன்னும் கேட்கிறார்கள், அதுவும் பத்து நாள் தாங்குவாரா என்றிருக்கும் மனிதருக்கு. தாலுகா அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த மாத்திரை எல்லா நாளும் கிடைக்க வேண்டும். மதுரைக்கு பஸ் ஏறி வந்து வாங்கிப்போ என்று ஒரு கிராமத்து மகளிடம் சொல்லக் கூடாது.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவையும் இருக்கிறது. மனதார வரவேற்கிறேன். கேரளம் 2008-இலேயே இந்த மாதிரி வலி தணிக்கும் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. நமக்கு இன்னும் குறைவாக இருப்பது இரவு நேரத் துணை. தொண்டையில் சளி கட்டிக் கரகரவென்று மூச்சு இழுக்கும்போது, இது கடைசி நேரத்தில் வரக்கூடியதுதான் என்று முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்காவிட்டால், குடும்பம் பதறி 108-ஐக் கூப்பிடும். வீட்டில் சாக ஆசைப்பட்டவர் வண்டியில் போகிற வழியில் இறந்துபோவார். எனக்குத் தெரிந்தே இப்படி நடந்திருக்கிறது. ராத்திரி எடுத்துப் பேச ஒரு செவிலி, மாவட்டத்துக்கு ஒரு எண். இதைச் செய்ய அரசுக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

அந்த அம்மாவைக் கமுதிக்கே கொண்டுபோனார்கள். பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டி, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு ஃபேன் போட்டார்கள். ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். மாத்திரையை விழுங்க முடியவில்லை, முனகுகிறார். இப்படி நேர்ந்தால் என்ன செய்வதென்று மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஃபோனிலேயே நிதானமாகச் சொன்னேன்: பொடித்து, சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கன்னத்தின் உட்புறமாகத் தடவு. ஈரத்துணியால் உதட்டை நனை. வைக்காமல் லைனிலேயே இருந்தேன். தெரு நாய் குரைப்பதும் ஃபேன் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா தூங்குது சிஸ்டர்."