கடை என்னுடையது... கட்டடம் யாருடையது?



சென்னை அண்ணா சாலையில், எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது ஸ்பென்சர் பிளாசா. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூரிலிருந்து பட்டணம் வந்தவர்கள் மெரினாவைப் பார்த்தார்கள்; அடுத்ததாக ஸ்பென்சரைப் பார்த்தார்கள். ஏ.சி. காற்றுக்காகவே உள்ளே நுழைந்தவர்கள் உண்டு. எஸ்கலேட்டரில் முதன்முதலாகக் கால் வைக்கப் பயந்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிய தாய்மார்கள் உண்டு. பெருநாள் நெருங்கினால் வாட்ச், பெல்ட், செண்டு, சட்டை என்று வாங்கிக் குவித்த இளைஞர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருப்பீர்கள்.

இன்று ஒருமுறை போய்ப் பாருங்கள். வரிசையாக ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன. திறந்திருக்கும் கடைகளில் முதலாளிகள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன பாய், வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் வாயால் பதில் வராது. ஒரு பெருமூச்சுதான் வரும்.

ஏன் இந்த நிலை? ஒரு கட்டடத்தின் கதைதானே என்று புறந்தள்ளி விடாதீர்கள். சவூதியிலும் துபாயிலும் இருபது ஆண்டுகள் வியர்வை சிந்திய நம்மவர்களின் கனவு என்ன? ஊரில் ஒரு வீடு, பட்டணத்தில் ஒரு கடை! அந்தக் கடையைத்தான் இப்படிப்பட்ட வளாகங்களில் வாங்கிப் போட்டோம். ஆகவே இது நம் பணத்தின் கதை. நம் பிள்ளைகளின் எதிர்காலத்தின் கதை!

எரிந்தும் எழுந்த இடம்

ஸ்பென்சரின் வரலாறு நீண்டது. 1863-ல் சார்லஸ் டுரண்ட், ஸ்பென்சர் ஆகிய இரு வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கடை அது. பிறகு யூஜின் ஓக்சாட் என்பவர் கைக்கு வந்தது. 1895-ல் மவுண்ட் ரோட்டில் சிவப்புச் செங்கல் கட்டடமாக எழுந்தது. ஊசி முதல் குதிரை வண்டி வரை கிடைத்ததாகச் சொல்வார்கள். திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, ரயில் நிலையங்களில் உணவகங்கள், கன்னிமரா ஓட்டல் என்று அந்தக் கம்பெனியின் கை நீண்டது.

1983-ல் தீ! நூற்றாண்டுப் பெருமை சாம்பலானது. ஆனால் அதே இடத்தில்தான் 1990-களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா திறக்கப்பட்டது. பின்னர் மூன்று கட்டங்களாக விரிந்தது. இந்தியாவின் முதல் பெரிய மால்களில் ஒன்று என்ற பெயரையும் பெற்றது. காஷ்மீரத்துச் சகோதரர்கள் சால்வைகளோடும் கம்பளங்களோடும் வந்து கடை போட்டார்கள். கீழக்கரையிலிருந்தும் காயலிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வந்த நம்மவர்களும் கல்லாவில் உட்கார்ந்தார்கள்.

தீயில் விழுந்தும் எழுந்த இடம் இது. அப்படியானால் இப்போது அதை வீழ்த்தியது எது?

பழியை யார் மீது போடுவது?

கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "சிட்டி சென்டர் வந்தது, எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, பீனிக்ஸ் வந்தது. எங்கள் பிழைப்பு போனது!"

உண்மைதான். 2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் நடந்து போகும் தூரத்திலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ். அதே 2013-ல் அமேசான் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. மெட்ரோ ரயிலுக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் போக்குவரத்து திருப்பி விடப்பட்டது. 2016-ல் பணமதிப்பிழப்பு, 2020-ல் ஊரடங்கு. அடி மேல் அடி!

ஆனால் சகோதரர்களே, ஒன்றைச் சிந்தியுங்கள். இதே அடிகள் எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கும்தானே விழுந்தன? பணமதிப்பிழப்பும் ஊரடங்கும் ஆளைப் பார்த்தா வந்தன? ஒன்று நின்றது, மற்றொன்று ஏன் தளர்ந்தது?

விடை பத்திரத்தில் இருக்கிறது!

புதிய மால்களில் பொதுவாகக் கடைகளை விற்பதில்லை. கட்டடம் முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும். எந்த மாடியில் எந்தக் கடை, எந்த மூலையில் உணவகம், எவ்வளவு வாடகை என்பதை ஒரே மேசையில் முடிவு செய்வார்கள். குறைந்தபட்ச வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் வாங்குவது அங்கே வழக்கம். ஆகவே உள்ளே இருக்கும் வியாபாரி நன்றாக விற்றால்தான் மால்காரருக்கும் லாபம்.

பழைய வளாகங்களில் நடந்தது வேறு. கடைகளைத் தனித்தனியாக விற்றார்கள். நூற்றுக்கணக்கான பத்திரங்கள், நூற்றுக்கணக்கான முதலாளிகள். "நானும் முதலாளி!" என்று நாம் பெருமைப்பட்டோம். ஆனால் லிப்ட் யாருடையது? எஸ்கலேட்டர் யாருடையது? ஏ.சி. எந்திரமும் கழிப்பறையும் வண்டி நிறுத்துமிடமும் யாருடையவை? எல்லோருடையவையும்தான். எல்லோருக்கும் சொந்தமானதால் எவருமே கவனிக்காதவை!

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வளாகத்தில் 100 கடைகள். மாதப் பராமரிப்புச் செலவு 3 லட்சம் ரூபாய். ஆளுக்கு 3,000 ரூபாய். எல்லோரும் கொடுத்தால் சிரமமில்லை.

வியாபாரம் சற்றுக் குறைகிறது. 40 கடைகள் மூடப்படுகின்றன. மூடிய கடையின் உரிமையாளர், "பூட்டிக் கிடக்கும் கடைக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்கிறார். 3 லட்சத்தை இப்போது 60 பேர் சுமக்க வேண்டும். ஆளுக்கு 5,000 ரூபாய்! அவர்களில் 20 பேருக்குக் கட்ட முடியவில்லை. நிர்வாகம் என்ன செய்யும்? முதலில் ஏ.சி.யைக் குறைக்கும். பிறகு எஸ்கலேட்டரை நிறுத்தும். வேர்த்து விறுவிறுத்து வந்த குடும்பம் அடுத்த மாதம் வேறு மாலுக்குப் போய்விடும். அப்புறம் இன்னும் 20 ஷட்டர்கள் இறங்கும்.

பழைய வளாகங்களைத் தின்னும் கரையான் இதுதான். பக்கத்துக் கடையின் பூட்டைப் பார்த்து, "ஒரு போட்டி ஒழிந்தது" என்று மகிழ்ந்தவர் ஏமாந்தார். அந்தப் பூட்டு அவர் கடைக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு!

நம்மை நாமே கேட்போம்

கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு, பத்து ஆண்டுக்கு முந்தைய வாடகையையே இன்றும் கேட்கும் கடை உரிமையாளரே! உங்கள் கடை மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறதே, இழந்த வாடகையைக் கூட்டிப் பார்த்தீர்களா? பாதி வாடகைக்கு ஒரு இளைஞனிடம் கொடுத்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான், உங்கள் சொத்தும் பிழைத்திருக்கும். ஓடாத வண்டியும் திறக்காத கடையும் துருத்தான் பிடிக்கும்.

கல்லாவில் இருக்கும் சகோதரரே! 300 ரூபாய்ப் பொருளுக்கு 1,000 ரூபாய் சொல்லி, பேரம் பேசத் தெரியாதவரிடம் 800 வாங்கினோமே, அதை லாபம் என்று எண்ணினோமே! அவர் வெளியே போய்ப் பத்துப் பேரிடம் சொன்னார். பில் தராதது, மாற்றித் தர மறுத்தது, வழியில் போகிறவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தது... வாடிக்கையாளர்களைப் புதிய மால்கள் பாதி இழுத்துக்கொண்டன. பாதியை நாமே துரத்தினோம்.

உலகம் என்ன செய்தது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்றொரு மால். 1956-ல் திறந்தது. கூரை போட்டு, உள்ளே தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்திய நவீன மால்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. கட்டியவர் விக்டர் க்ரூன் என்ற கட்டடக் கலைஞர். ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்தவர். அந்த மாலும் தளர்ந்தது. பெரிய கடைகள் வெளியேறின. என்ன செய்தார்கள்? துணிக்கடை போன இடத்தில் மறுபடியும் துணிக்கடையைத் தேடவில்லை. ஜே.சி. பென்னி கடை இருந்த இடத்தில் 2019-ல் உடற்பயிற்சிக் கூடம் வந்தது. மாலின் ஓரத்தில் வீடுகளும் ஓட்டலும் எழுந்தன. பொருள் வாங்க மட்டுமே வந்த இடம், மக்கள் வாழவும் பழகவும் வரும் இடமாக மாறியது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1973-ல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். நம்முடைய வளாகங்களைப் போலவே தனித்தனி உரிமையாளர்கள். அதுவும் முதுமையடைந்தது. அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. பத்து ஆண்டைக் கடந்த கட்டடத்தில் 80 சதவீத உரிமை உள்ளவர்கள் சம்மதித்தால் மொத்தமாக விற்கலாம். 2021-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. 2022-ல் 70 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மொத்தமாக விலை போனது. இடிக்காமல் புதுப்பிக்கும் நிபந்தனையோடு!

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உரிமையாளர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு இருந்து, அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்த தாய்லாந்துக் கடைக்காரர்கள் 2023-ல் மூட்டை கட்டினார்கள். இளைஞர்களே! நம்மில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வாய்வார்த்தையில் கடை எடுத்து, உள்வாடகைக்கு உள்வாடகை விட்டுப் பிழைக்கிறவர்களின் பெயர் எந்தக் கணக்கில் வரும்?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒரே சங்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒன்று என்று இருந்தால் வேலை ஆகாது. கடை திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும் பராமரிப்புப் பணம் கட்டாயம். வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். கணக்கு வெளியே தெரிந்தால்தான் காசு உள்ளே வரும்.

இரண்டாவதாக, பூட்டிய கடைகளைப் பொதுவில் சேருங்கள். பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வாடகைக்கு விடும் பொறுப்பை மட்டும் சங்கத்திடம் கொடுங்கள். பத்துச் சின்னக் கடைகளை இணைத்தால் ஒரு பெரிய நிறுவனம் வரும். வாடகையை அளவுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, இணையத்தில் வாங்க முடியாததை விற்றுங்கள். செல்போனை ஒரு விரல் தட்டில் வாங்கிவிடலாம். உடைந்த செல்போனைக் கண் முன்னே அரை மணி நேரத்தில் சரி செய்து தர ஆள் வேண்டுமே! தையல், கடிகாரப் பழுது, மூக்குக் கண்ணாடி, கைவினைப் பொருள், சூடான உணவு... இவற்றுக்கு மனிதன் நேரில் வந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தொழில் என்று பிரியுங்கள். செல்போன் உதிரிபாகம் என்றால் ரிச்சி தெரு என்று வாய் தானாகச் சொல்கிறதல்லவா? அப்படி ஒரு பெயர் உங்கள் மாடிக்கும் வர வேண்டும்.

நான்காவதாக, வாசலுக்கு வந்திருக்கும் வாய்ப்பைப் பாருங்கள். எந்த மெட்ரோ வேலை வியாபாரத்தைக் கெடுத்ததோ, அதே மெட்ரோ 2019 பிப்ரவரி முதல் எல்.ஐ.சி. நிலையத்தில் ஆட்களை இறக்கிவிடுகிறது. மண்ணடியில் ஏறினால் நான்காவது நிலையம்! சுற்றிலும் ஆயிரக்கணக்கில் அலுவலக ஊழியர்கள். மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் அவர்கள் எங்கே போகிறார்கள்? சுத்தமான கழிப்பறை, பெண்கள் அச்சமின்றி உட்கார ஓர் இடம், நியாயமான விலைப் பட்டியல். இவை இருந்தால் வராமலா போவார்கள்?

ஐந்தாவதாக, தீ! இதை மறக்கவே கூடாது. 1983-ல் ஸ்பென்சர் எரிந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம் விற்றுப் பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த இடம் இன்று ரயில் நிலைய வளாகம். 2017-ல் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடை எரிந்தது. நடைபாதையில் சரக்கை அடுக்கி வைக்காதீர்கள். பழைய மின்கம்பிகளை மாற்றுங்கள். சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுங்கள். நேற்றைய வளாகம் மறுபடி எழுந்தது. எரிந்துபோன சின்ன வியாபாரி எழுந்தாரா?

ஆறாவதாக, காகிதம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வாடகைக் கடைக்காரருக்கு அதுதான் கேடயம். உரிமையாளர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை மறுபடி கட்டலாம் என்று 2022-ன் அடுக்குமாடி உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் வளாகத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை நல்ல வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள். விலை பேச ஆள் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இறுதியாக...

அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஓடாதீர்கள். ஒருநாள் தானாக விலை ஏறும் என்று பூட்டுப் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். முதலாமவர் சொத்தை இழக்கிறார். இரண்டாமவர் தன் சொத்தோடு அடுத்தவர் சொத்தையும் கெடுக்கிறார்.

எழும்பூரிலும் பாரிமுனையிலும் திருச்சியிலும் மதுரையிலும் உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வளாகம் இருக்கிறது. அதில் உங்கள் தந்தையின் கடையோ மாமாவின் கடையோ இருக்கலாம். இந்த வாரம் அங்கே போங்கள். எத்தனை கடைகள் பூட்டியிருக்கின்றன, உரிமையாளர்கள் யார், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் முதல் செங்கல். பத்துப் பேரைக் கூட்டி உட்கார வைத்தால் அது இரண்டாவது செங்கல்.

தனித்தனிப் பத்திரம் நம்மை முதலாளி ஆக்கியது. ஒன்றுபட்டால்தான் அந்த முதல் மிஞ்சும்!