தண்ணீர் பார்த்த வீடு என்னும் மயக்கம்

மதுரையைச் சுற்றி மனை விற்கிறவர்கள் வாய் நிறையச் சொல்லும் சொல் ‘கண்மாய்க்கரை’. போர் போட்டால் சீக்கிரம் தண்ணீர் வந்துவிடும், சித்திரை வெயிலிலும் காற்று குளிர்ந்து வீசும், மாடியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், எதிரே எவரும் கட்டிடம் எழுப்பி மறைக்க முடியாது என்று அடுக்குகிறார்கள். வாங்குகிறவர்களும் நம்பி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறார்கள். விற்பவர் பேச்சோடு இது நின்றிருந்தால் வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் கண்மாயோரம் குடியிருப்பது பாக்கியம், கண்மாய்க்கும் அது பாதுகாப்பு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் அதிகாரிகளிடமும் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறானது மட்டுமில்லை, கேடு செய்வதும்கூட. கண்மாயின் நீர்ப்பிடிப்பை ஒட்டி வீடு கட்டிக்கொள்கிறவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கண்மாய் நிறையக் கூடாது என்று விரும்பியே தீரவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். நிறையக் கூடாது என்று ஊரே விரும்பத் தொடங்கிய கண்மாய் பிழைப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கண்மாயின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கண்மாய்க்குச் சுற்றிலும் கரை கிடையாது. சரிந்துவரும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைத்து மண்கரை போட்டிருப்பார்கள். மறுபக்கம், அதாவது வரத்துக்கால் வந்து சேரும் உள்வாய்ப் பகுதி, திறந்தே கிடக்கும். அங்கே தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டு போகும். ஐந்நூறு அடிக்கு ஓர் அடி சரிவுள்ள தரை என்றால், நீர்மட்டம் ஓர் அடி ஏறும்போது தண்ணீரின் விளிம்பு ஐந்நூறு அடி நகர்ந்துவிடும். வறண்ட ஆண்டில் மேய்ச்சல் காடாகக் கிடக்கும் இடம், நல்ல மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இருக்கும். மனைக்கல் ஊன்றுவது பெரும்பாலும் அந்த வறண்ட நாட்களில்தான். சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய கற்கள் வரிசையாக நிற்க, அப்பால் சற்றுத் தள்ளித் தண்ணீர் மின்னும் காட்சியைப் பார்த்து, கண்மாயின் எல்லை அதுதான் என்று வாங்குகிறவர் முடிவுசெய்துவிடுகிறார். அவர் பார்த்தது அந்த மாதத்து எல்லை. கண்மாயின் உண்மையான எல்லை அவர் நிற்கும் இடத்துக்கும் பின்னால் இருக்கக்கூடும்.

மதுரைச் சமவெளியின் மழை இந்த அமைப்பைக் கேட்டு வாங்கியது. ஆண்டுக்குச் சுமார் 85 செ.மீ. மழையில் பாதிக்கு அருகில் ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வைகையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆகவே கொட்டும் நாட்களில் பிடித்து, மற்ற நாட்களில் செலவழிக்கக் கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். ஒன்று நிறைந்தால் அதன் மறுகால் அடுத்ததன் வரத்துக்கால். மார்கழியில் ததும்பும் கண்மாய் சித்திரையில் வற்றும். அப்போது வண்டலையும் கரம்பையையும் அள்ளி வயலில் போடுவார்கள், எஞ்சிய மீனை ஊர்கூடிப் பிடிப்பார்கள். நிறைவதும் வற்றுவதும் சேர்ந்ததுதான் கண்மாயின் ஆயுள். ஆடி மாதத்தில் வெறுமையாகக் கிடக்கும் தானியக் குலுக்கையைப் பார்த்து, இது எதற்கு வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு என்று எந்தச் சம்சாரியும் உடைத்துப் போடமாட்டான். வற்றிய கண்மாயைப் பார்த்து வீணாகக் கிடக்கும் நிலம் என்று சொல்கிறவர்கள் அந்தக் காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

கண்மாய்க்கும் உள்வாய்க்காரருக்கும் உள்ள பகை புதியதும் இல்லை. பழைய கலுங்கு ஒன்றின் அருகே போய்ப் பார்த்தால் அந்த வரலாறு கல்லிலேயே தெரியும். உபரி நீர் வழிந்தோடும் கல்தளத்தின்மேல் இடைவெளி விட்டுக் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். பருவத்தின் கடைசியில், இனி பெருமழை வராது என்று தெரிந்ததும், அந்தக் கற்களுக்கிடையே மண்ணையும் புல்லையும் திணித்து அடைத்து, இன்னும் ஓரடித் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். அந்த ஓரடி, கண்மாய்ப் பாசனத்தில் பயிரிடும் ஆயக்கட்டுக்காரருக்குக் கதிர் முற்றுவதற்கான கடைசித் தண்ணீர். உள்வாயில் நிலத்தைப் பிடித்துப் பயிர்வைத்தவருக்கோ அது பயிர் மூழ்கும் தண்ணீர். இரவோடு இரவாக மடையைத் திறந்துவிடுவதும் கலுங்கின் அடைப்பைப் பிடுங்கிப்போடுவதும் தமிழகக் கிராமங்கள் நன்கறிந்த வழக்குகள். இன்று உள்வாயில் பயிருக்குப் பதில் வீடு நிற்கிறது. பயிர் மூழ்கினால் ஒரு போகம்தான் போகும். வீடு மூழ்கினால் வண்டி, கட்டில், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போகும். ஆகவே மடையைத் திறக்கச் சொல்லும் குரல் பல மடங்கு உரக்க ஒலிக்கிறது, அரசும் அதற்குச் செவிசாய்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் நடந்தது இதற்கு நேரடிச் சான்று. அன்று பகலில் ஏறத்தாழ 10 செ.மீ. மழை பெய்தது. அதில் பெரும்பகுதி பிற்பகலில் மிகக் குறுகிய நேரத்தில் கொட்டியது. வைகையின் வடகரையில் செல்லூர், நரிமேடு, பீபிகுளம் பகுதித் தெருக்கள் தண்ணீரில் மிதந்தன. சாத்தையாற்றின் வழியாக வரும் கண்மாய்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி செல்லூர்க் கண்மாய். அதன் உபரி நீர் பந்தல்குடி கால்வாய் வழியே வைகைக்குப் போக வேண்டும். கண்மாய் சுருங்கி, ஆகாயத்தாமரை மண்டி, கால்வாய் குறுகி, இருபுறமும் வீடுகள் நெருக்கியிருந்த நிலையில் தண்ணீர் தெருவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில நாட்களில் அரசு அறிவித்த தீர்வு, கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்தில் 11.9 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு சிமென்ட் கால்வாய். மூழ்கிய வீடுகளுக்கு அது அவசரத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்வின் பொருளைக் கவனிக்க வேண்டும்: கண்மாய்க்கு வரும் நீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றுவது என்பதே இனிக் கேள்வி. இதே மாநகரம்தான் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் பதித்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவருகிறது. வாசலுக்கு வரும் மழையைத் துரத்திவிட்டு, மலையடிவாரத்துத் தண்ணீருக்குக் கோடிகளைக் கொட்டும் இந்த முரண்பாடு, கண்மாயைச் சுற்றிக் குடியேறியதன் நேரடி விளைவு.

பாசனமே இல்லாமல் போன பிறகு கண்மாய் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். ஆயக்கட்டு முழுவதும் தெருவாகிவிட்டது, மடையைத் திறந்தால் பாய வயல் இல்லை என்பது உண்மைதான். மேலமடை என்று பெயர் தாங்கிய பகுதியிலேயே இன்று கடைகளும் வீடுகளும்தான். ஆனால் பயிருக்கு நீர் தருவது கண்மாயின் வேலைகளில் ஒன்றுதான். வெள்ளத்தைத் தாங்குவதும் தரைக்குள் நீரை இறக்குவதும் மற்ற இரண்டு. வயல் வீடாகும்போது இந்த இரண்டுக்கும் தேவை கூடுகிறது. வயலில் பெய்த மழையில் ஒரு பங்கை மண் குடித்தது. கான்கிரீட் கூரையிலும் தார்ச்சாலையிலும் பெய்யும் மழை ஏறத்தாழ முழுவதும் ஓடுகிறது. முன்னைவிட அதிக நீர் முன்னைவிட வேகமாக வந்து சேரும் இடத்தில், முன்னைவிடச் சிறிய கண்மாயை வைத்திருக்கிறோம். பாண்டியர் கல்வெட்டுகள் இந்நகரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிப்பிடுகின்றன. தன் இருப்பை ஒரு நீர்நிலையை வைத்து அடையாளம் சொன்ன நகரத்துக்கு இந்தக் கணக்கு தெரியாததில்லை, மறந்துபோயிற்று.

நிலத்தடி நீர், குளிர்ச்சி என்ற வாதங்களும் நிற்பவை இல்லை. கண்மாய் பருவத்தில் நிறைந்தால்தான் சுற்றுவட்டாரத்து ஊற்று பெருகும். நிறையவிடாமல் தடுத்துவிட்டு ஊற்றை எதிர்பார்ப்பது எப்படி? மழையை நம்பிய கண்மாயில் கோடையிலும் தண்ணீர் குறையாமல் நிற்கிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று மனை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டும். நகரையொட்டிய பல கண்மாய்களில் அந்தத் தண்ணீர் வீடுகளின் கழிவுநீர். விமான நிலையச் சாலையருகே அயன்பாப்பாகுடி கண்மாய்த் தண்ணீர் வெண்நுரையாகப் பொங்கிச் சாலைவரை வந்ததை மதுரை பார்த்திருக்கிறது. பெங்களூரு இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன நகரம். பெல்லந்தூர் ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடிகள் எழுந்தன; 2015-இல் ஏரியின் நுரை காற்றில் பறந்து சாலையில் விழுந்தது; 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது; 2022 செப்டம்பர் மழையில் கோடீஸ்வரர்களின் குடியிருப்புகளிலிருந்து மக்களை டிராக்டரிலும் படகிலும் மீட்டார்கள். பணமோ தொழில்நுட்பமோ குறைந்த நகரம் இல்லை அது. சரிவுக்கு எதிரே கட்டிய வீட்டைப் பணத்தால் காப்பாற்ற முடியவில்லை.

பட்டா இருக்கிறது, நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இருக்கிறது, வங்கியே கடன் கொடுத்திருக்கிறது, பிறகென்ன என்று கேட்பவர்களின் நிலை இரக்கத்துக்குரியது. பட்டா ஒரு நிலம் யாருடையது என்று சொல்லும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லாது. சட்டம் இல்லாமலும் இல்லை. குளம்குட்டைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில் உறுதியாகச் சொன்னது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு 2007-இல் தனிச்சட்டமே இயற்றியது. ஆனாலும் மதுரையில் கண்மாயில் முதலில் கட்டிடம் எழுப்பிக் காட்டியது அரசு. மாநகராட்சியின் மாளிகை தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் அமைந்தது. அலுவலகங்களும் நீதிமன்றமும் போகலாம் என்றால் நாம் மட்டும் போகக் கூடாதா என்ற துணிச்சல் பொதுமக்களுக்கு அங்கிருந்துதான் வந்தது. ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வியையும் இங்கேதான் வைக்க வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றதும் முதலில் இடிபடுவது ஓட்டுவீடுகளும் தகரக் கொட்டகைகளும்; மதில் சுவர் எழுப்பிய நிறுவனங்கள் அப்படியே நிற்கின்றன. வேறு போக்கிடம் இல்லாமல் கண்மாயில் குடியேறியவருக்கு வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். காட்சிக்காக மனை வாங்கியவருக்கு அந்தச் சலுகையைக் கோர உரிமையில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. யாரும் எட்டிப்பார்க்காத கண்மாய் குப்பைமேடாகிறது. கரையில் நடைபாதை, விளக்கு, பூங்கா வந்தால் மக்கள் வருவார்கள், மக்கள் வந்தால் காவல் வரும் என்கிறார்கள். வண்டியூர்க் கண்மாயில் மாநகராட்சி மேற்கொண்ட பணிகளுக்கும் இதுவே நியாயம். இதில் பாதி உண்மை. கட்டிட இடிபாடுகளைக் கொட்ட வரும் லாரியை நடக்கிறவர்களின் கண்கள் தடுக்கும். ஆனால் அந்த நடைபாதை மண்கரையின்மேல் இருக்க வேண்டும், உள்வாயைச் சுற்றி வளைக்கக் கூடாது. உள்வாய்ப் பக்கம் தடுப்புச்சுவர் எழுப்பிய அன்றே கண்மாய் தொட்டியாகிவிடுகிறது. சுவருக்கு வெளியே விழும் மழை உள்ளே வரமுடியாமல் தெருவில் தேங்குகிறது. எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மதுரையில் வேறு வடிவம் உண்டு. திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நான்கு பக்கமும் கற்சுவர் கொண்டது, வீடுகளுக்கும் நீருக்கும் நடுவே அகலமான வீதி உண்டு, வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர் வர ஏற்பாடு உண்டு. அந்தக் கால்வாய் அடைபட்டிருந்த ஆண்டுகளில் அத்தனை கம்பீரமான குளமும் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகத்தான் கிடந்தது. கால்வாயைச் சீர்செய்த பிறகே தண்ணீர் வந்தது. வரத்தை விட்டுவிட்டுக் கரையை அழகுபடுத்தினால் மிஞ்சுவது விளக்கெரியும் பொட்டல்தான் என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

செய்ய வேண்டியவை அறியாத ரகசியங்கள் இல்லை. ஒவ்வொரு கண்மாயிலும் கலுங்கு மட்டம்வரை நீர் நின்றால் விளிம்பு எங்கே வரும் என்று அளந்து, அந்தக் கோட்டில் அரசு கல் நட வேண்டும். அந்தக் கோடு பதிவுத்துறையின் கணினியில் ஏறி, உட்பட்ட சர்வே எண்ணுக்குப் பத்திரம் பதியவே முடியாமல் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்களை நிறுத்திவிட்டு, வரத்துக்கால்களை மேலிருந்து கீழாக, சங்கிலியின் முதல் கண்மாயிலிருந்து கடைசிவரை திறந்துவர வேண்டும். மனை வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும், கார்த்திகை அடைமழையில் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும், பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்க வேண்டும். அவர் கை நீட்டும் இடத்துக்குக் கண்மாய்ப் பக்கமாக இருக்கும் மனையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. வாங்க ஆளில்லாத இடத்தில் எவரும் மனை போடமாட்டார்கள். கண்மாயை நேசிப்பவர் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அது முழுவதுமாகப் பரவுவதற்கு இடம்விட்டு, தள்ளி வீடு கட்டிக்கொள்வதுதான்.