விஞ்ஞானம் வயலுக்கு வரட்டும்!

நோய் கண்ட பயிரில் இரண்டு தூரைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு சிறு விவசாயி எங்கே போகிறான்? பல்கலைக்கழகத்துக்கா? ஆராய்ச்சி நிலையத்துக்கா? இல்லை. கடைத்தெருவில் உள்ள பூச்சிமருந்துக் கடைக்குத்தான் போகிறான். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே மருந்து. அவர் சொல்வதே அளவு. அவர் எழுதுவதே கடன் கணக்கு.

இது நம் கற்பனையல்ல. 2003ஆம் ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களை விசாரித்தது. நவீன சாகுபடி முறை பற்றிய தகவல் எந்த வழியிலும் கிட்டாதவை 100க்கு 60 குடும்பங்கள். உரக்கடை, மருந்துக்கடைக்காரர் மூலம் தகவல் பெற்றவை 13. சர்க்காரின் விஸ்தரிப்பு ஊழியர் மூலம் பெற்றவை 6 கூட இல்லை! இது சர்க்கார் ஆய்வே தந்த சாட்சியம்.

நம் நாட்டில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமா? அப்படி யாரும் சொல்ல முடியாது. 1868ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906ல் கோவைக்கு வந்தது. 1971ல் அதுவே வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1912ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் ஆலைக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் இணைத்து உண்டாக்கிய கோ 205 என்னும் ரகம் 1918ல் வெளிவந்து பஞ்சாப் வயல்களை எட்டியது. 1922ல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 1968ல் கோவை தந்த எம்.சி.யு. 5 நீண்ட இழைப் பருத்தி மில் கதிர்களில் உயர்ரக நூலாக ஓடியது. மில் தொழிலாளிக்கும் பருத்தி விவசாயிக்கும் நடுவே விஞ்ஞானியின் கையும் இருந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தது யார்? சோப்பு வாங்கும்போதும் துணி வாங்கும்போதும் வரி கட்டும் உழைப்பாளி மக்கள்! ஆகவே அந்த ஆராய்ச்சி மக்களின் சொத்து. சொத்து மக்களுடையது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

பொது ஆராய்ச்சி கை தளர்ந்த இடத்தில் கம்பெனி நுழைகிறது. பருத்தியைப் பாருங்கள். 2002ல் பி.டி. பருத்தி வந்தது. 450 கிராம் விதைப் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த விலையில் பெரும் பங்கு மான்சான்டோவின் உரிமைத் தொகை. 2006ல் ஆந்திர சர்க்கார் வழக்குத் தொடுத்த பிறகு பொட்டலம் 750 ரூபாய்க்கு இறங்கியது. அப்படியானால் அதுவரை விவசாயியிடம் பறித்தது என்ன? கொள்ளை அல்லாமல் வேறென்ன?

அனுபவம் இப்படியிருக்க, 2023ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் அமேசானுடனும் பேயருடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது. மான்சான்டோவை 2018ல் விலைக்கு வாங்கியதே இந்த பேயர்தான்! விவசாயிக்கு நல்ல யோசனை சொல்லத்தான் கம்பெனிகள் வருகின்றன என்கிறார்கள். விதையும் மருந்தும் விற்கிறவன் எந்த யோசனையைச் சொல்வான்?

ஒரு உதாரணம் போதும். திருந்திய நெல் சாகுபடி என்னும் ஒற்றை நாற்று நடவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் வயல்களில் சோதித்துப் பரப்பியது. 14 நாள் நாற்று; குத்துக்கு ஒரே நாற்று; சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி; காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். ஏக்கருக்கு 25 கிலோ விதை தெளித்த இடத்தில் 3 கிலோ போதும். விதையும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். விதை வியாபாரம் குறைகிற இந்த வழியை எந்தக் கம்பெனி ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தரும்?

இன்னொன்றையும் கேட்கிறோம். அந்த இளநாற்றை வேர் அறுபடாமல் பிரித்து, கயிறு பார்த்து நடுவது யார் கை? நடவுப் பெண்களின் கை! பயிற்சி வகுப்பில் நாற்காலி போடுவது யாருக்கு? நிலத்துக்காரருக்கு! நட வேண்டியவளை வரப்பில் நிறுத்திவிட்டு, நடாதவருக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

இந்த அலட்சியம் உயிரையும் குடிக்கும். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மருந்துப் புட்டியில் வர்ண முக்கோணம் இருக்கிறது. சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்த விஷம். இந்த நான்கு வர்ணங்களைத் தெளிப்பானைத் தோளில் சுமக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? அரை மணி நேரம்! அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை.

அறுவடைக்குப் பிறகும் கதை இதுவே. நெல்லைப் பதப்படுத்தும் ஆராய்ச்சி 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கியது. இன்று தஞ்சையில் பெரிய தேசிய நிலையமாக நிற்கிறது. ஈர நெல்லை உலர்த்துவது எப்படி என்பது அங்கே தெரிந்த விஷயம். ஆனால் அதே மாவட்டத்தில் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நெல் முளைக்கிறது. 17 சதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று மூட்டையைத் திருப்புகிறார்கள். ஈரத்தை அளக்கக் கருவி உண்டு; உலர்த்தித் தர இயந்திரம் இல்லை! விஞ்ஞானத்தில் விவசாயியைத் தண்டிக்கும் பாதி மட்டும் வந்துவிட்டது. காப்பாற்றும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையை 1950களில் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. குஜராத்தில் ஆனந்த் பால் கூட்டுறவு அதைக் கையில் எடுத்து அமுல் என்ற பெயரில் உற்பத்தி செய்தது. பொது ஆராய்ச்சி உற்பத்தியாளர் கூட்டுறவின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

விளைச்சல் கூடினால் எல்லோருக்கும் விடியும் என்பாரும் உண்டு. அவர்கள் தஞ்சையைத் திரும்பிப் பார்க்கட்டும். 1960ல் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. தொடர்ந்து ஏ.டி.டி. 27 நெல் வந்தது. உரம் வந்தது, டிராக்டர் வந்தது. களத்தில் நெல் குவிந்தது. அந்த நெல்லில் அரைப்படி கூலி கூடக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு கொளுத்தப்பட்டன. புது விதை நிலத்தை மாற்றும். நிலத்து நியாயத்தை மாற்றாது. அதை மாற்றச் சங்கம் வேண்டும்.

ஆகவே நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. அது கிராமத்துக்கு வரும் பாதையில் சுங்கம் வசூலிப்பவர்களுக்கே விரோதிகள். நம் கோரிக்கைகள் இவை:

பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி முடிவுகள் எல்லாம் எளிய தமிழில், இலவசமாக, ஊராட்சி தோறும் கிடைக்க வேண்டும். கம்பெனிகளுடன் செய்த ஒப்பந்தங்களின் ஒவ்வொரு ஷரத்தும் வெளியிடப்பட வேண்டும். காலியாகக் கிடக்கும் விஸ்தரிப்பு ஊழியர் இடங்களை நிரப்ப வேண்டும். செயல்விளக்க வயல், குத்தகை விவசாயியின் அரை ஏக்கரிலும் அமைய வேண்டும். விவசாயத் தொழிலாளருக்குப் பயிற்சியும், பயிற்சி நாளுக்குக் கூலியும் வேண்டும். கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வரும் ஊர்களில் அவை தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும்.

தோழர்களே! விதையை முதலில் தேர்ந்தெடுத்து வைத்தது உழவனின் பாட்டியும் பூட்டியும்தான். கம்பெனி பிறக்குமுன்பே நெல் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் நாம் பிச்சை கேட்டு நிற்கவில்லை. நம்முடையதைக் கேட்டு நிற்கிறோம்.

விவசாய சங்கக் கிளைகள் இந்த வாரமே கூடட்டும். ஊரில் எந்த ஊழியர் வந்தார், எந்த நோய்க்கு எந்த மருந்தை யார் சொன்னார், யாருக்கு நஷ்டம் என்று பட்டியல் எடுக்கட்டும். மில் தொழிலாளர் சங்கங்கள் அந்தப் பட்டியலைத் தம் கூட்டங்களில் படிக்கட்டும். நெல்லை விளைவிக்கிறவனும் நூலை நூற்கிறவனும் சேர்ந்து தட்டினால் திறக்காத கதவு இல்லை!