படைப்புத் தொகுப்பும் களக் குறிப்பேடும்

வடிவமைப்புக் கல்வியை நாடும் மாணாக்கரிடம், மதிப்பெண் பட்டியலுடன் படைப்புத் தொகுப்பு ஒன்றையும் பல பல்கலைக் கழகங்கள் கேட்கின்றன. மாணாக்கர் தம் கையால் வரைந்தவை, செய்தவை, சோதித்தவை ஆகியவற்றை முறைப்படுத்திய ஏடே இத்தொகுப்பு. இதனை அழகிய படங்களின் கண்காட்சி என்று பெற்றோரும் ஆசிரியரும் கருதிவிடுவது பெருந்தவறு. உண்மையில் அஃது ஒரு களக் குறிப்பேடு. அவ்வாறே அது தயாரிக்கப்படல் வேண்டும்.

களப் பணியாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மண்ணையோ பயிரையோ ஆராய்பவர், கண்டதைக் கண்ட இடத்திலேயே நாளிட்டுக் குறிக்கிறார். பிழையாகக் குறித்ததை அவர் அழிப்பதில்லை. கோடிட்டு அடித்து, அருகே திருத்தம் எழுதுகிறார். பிற்பாடு அழகாகப் பெயர்த்தெழுதிய பிரதியைக் காட்டிலும், மண் படிந்த அந்த ஏடே சான்றாக மதிக்கப்படுகிறது. முடிவு எவ்வழியாக எட்டப்பட்டது என்பதையே தேர்வாளரும் அறிய விரும்புகின்றனர்.

1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் புழங்கும் சாதாரணச் செம்பையே அவர்கள் அதில் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அது எவ்வளவு நீர் கொள்ளும், தலையிலும் இடுப்பிலும் எவ்வாறு சுமக்கப்படும், நிறைந்தபோதும் வெறுமையாக உள்ளபோதும் எவ்வாறு நிலைகொள்ளும், என்ன விலையாகும் என வினாக்களை அடுக்கினர். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அவ்வறிக்கை வழிகோலியது.

இத்தகைய வினாக்களை எழுப்பச் செல்வம் தேவையில்லை. மும்பையில் ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வளரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சற்றுத் தொலைவிலுள்ள தாராவியில் கும்பார்வாடாவின் குயவர்களும், தோல் பை தைப்போரும் உளர். பானையின் கழுத்து ஏன் குறுகியுள்ளது, பையின் எப்பகுதி முதலில் கிழிகிறது என்று அவள் பார்த்து வரையலாம். மழைக்காலத்தில் சிறிய வீட்டில் துணி உலர்த்துவதே ஒரு நல்ல ஆய்வுப் பொருளாகும். தாழ்வாரத்தை அளந்து, மூங்கிற் குச்சிகளால் அவள் செய்த முதல் மாதிரி ஈரத்துணியின் பாரத்தால் வளைந்து போகலாம். அது ஏன் வளைந்தது என்று எழுதிய பக்கமே தொகுப்பின் மிகச் சிறந்த பக்கம்.

ஆனால், நல்லெண்ணம் கொண்ட பெரியோரே அப்பக்கத்தைக் கிழித்தெறியச் சொல்கின்றனர். பணம் பெற்றுப் பயிற்சியளிப்போர் திருத்திக் கொடுத்த வண்ணப்படங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. நேர்முகத் தேர்வில், “இக்கோட்டை ஏன் இவ்வாறு இட்டாய்?” என்று வினவும்போது மாணவி விடையறியாது நிற்கிறாள். திறமை இருந்தும் இடம் நழுவுகிறது.

மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் இளநிலை நுழைவுத் தேர்வான யுசீட்டுக்குப் படைப்புத் தொகுப்பு வேண்டுவதில்லை. ஆயினும் தேர்வுக்கூடத்திலேயே வரைந்து காட்ட வேண்டியுள்ளது. நாள்தோறும் பார்த்து வரைந்த கைக்கு அதுவும் எளிதாகும்.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணாக்கரிடமும் கோடிடாத நோட்டுப்புத்தகம் ஒன்றை ஆசிரியர்கள் கொடுப்பார்களாக. நாளிடச் சொல்லுங்கள், அளக்கச் சொல்லுங்கள், எப்பக்கத்தையும் கிழிக்க இடங்கொடாதீர்கள்.