துடைக்கும் திரவமும் வார்த்தவர் பொறுப்பும்

ஈப்போவின் ஜெலாப்பாங்கிலும் அதனை அடுத்த சிலிபின், மெங்லெம்பு வட்டாரங்களிலும், மரப்பலகைகளின் இடையே எபோக்சி ரெசினை வார்த்து உணவு மேசைகளும் சமையல் மேடைகளும் செய்து தரும் நம் தொழிலினருள் பலர், வேலை முடிந்து பொருளை வீட்டில் இறக்கிவைத்ததும் தம் கடமை தீர்ந்ததென்று கருதி, அதனை எதைக் கொண்டு துடைப்பது என்னும் கேள்வியை வீட்டாரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறார்கள். பின்னொரு நாளில் பளபளப்பு மங்கிவிட்டதென்று புகார் வந்தால், வீட்டாருக்குச் சிரத்தை போதாது என்று சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சமாதானத்தில் நமக்குச் சம்மதமில்லை.

ஈப்போ சலவைக் கல்லுக்குப் பேர்போன ஊர். பழைய கோப்பிக் கடைகளில் சலவைக் கல் பதித்த வட்ட மேசைகளில் பசியாறி வளர்ந்தவர்களுக்கு, எலுமிச்சைச் சாறு பட்டால் கல்லின் மெருகு போய்விடும் என்பதும், கொதிக்கும் கோப்பியை அதன்மேல் அஞ்சாமல் வைக்கலாம் என்பதும் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. எபோக்சியின் சுபாவம் ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. சிந்திய எலுமிச்சைச் சாற்றை உடனே துடைத்துவிட்டால் அதற்கு யாதொரு கேடும் இல்லை. ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் மேசை ரெசின்களில் பல, 50 அல்லது 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்குவனவாதலால், சூடான கெண்டி வட்டமாகத் தடம் பதித்துவிடுகிறது. அந்த வட்டத்தைக் கண்டு துடைத்த திரவத்தின்மேல் பழி போடுகிறவர்களும் உண்டு.

அமிலத்தைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைக்கப் பயன்பட்ட ஃபார்மிக் அமிலத்தின் நெடியை அறியாத முதியவர் நம்மிடையே அரியர். இறுகிய எபோக்சிப் பூச்சை உரித்தெடுக்கச் செய்யப்படும் சில திரவங்களில் அதே அமிலம் சேர்கிறது. எபோக்சி கனிம அமிலங்களைக் காட்டிலும் இத்தகைய கரிம அமிலங்களுக்கே எளிதில் இடங்கொடுக்கக்கூடியது. சமையல் புளிக்காடியில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு 5 பங்களவே இருப்பதால் ஒருமுறை துடைப்பதில் அபாயமில்லை. நாள்தோறும் அதனைத் தேக்கி ஊறவைப்பது கூடாது. அமிலம் மிகுந்த குளியலறை உப்புக்கறை போக்கும் திரவங்களையோ மேசையருகில் கொண்டுவரவே வேண்டாம்.

நம் இல்லங்களில் உண்மையான பரீட்சை மஞ்சளினால் வருவது. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். ஆகவே எண்ணெய் மிதக்கும் குழம்பு ஓர் இரவு தங்கினால் நிறம் ரெசினுக்குள் இறங்கிவிடுகிறது. இதைக் கண்டு பதறித் துணி சோப்பை இட்டுத் தேய்ப்பவர், கறை போவதற்குப் பதிலாகச் சிவந்து வருவதைக் கண்டு திகைக்கிறார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பதும் சோப்பின் காரத்தால் கறை சிவப்பதும் ஒரே வினையாதலின், இதில் திகைக்க ஒன்றுமில்லை. காரமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தால் முதலில் எண்ணெயை நீக்கி, பின்பு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுத்து, உடனே நீர்த்துணியால் துடைப்பதே முறை. எஞ்சிய சாயல் ஜன்னல் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துவிடும். அதற்காக மேசையை வெயிலில் போடவேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் எபோக்சியே மஞ்சளாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தின்னரும் அசிட்டோனும் மேற்பரப்பை இளக்கும். தேய்க்கும் கிரீம்களில் இருப்பது பெரும்பாலும் நம் ஈப்போக் குன்றுகளின் சுண்ணாம்புக்கல் பொருளேயாயினும், அது எபோக்சியைக் கீறவல்லது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் அவ்வாறே. குளோரக்ஸ் என்னும் வெளுப்புத் திரவம் அன்றாட உபயோகத்திற்குத் தேவையில்லை. அதனைப் புளிக்காடியுடனோ அமோனியாவுடனோ கலப்பது மேசைக்கு அன்று, துடைப்பவரின் மூச்சுக்கே ஆபத்து.

இனி நம் தவறுகளுக்கு வருவோம். ஈரப்பதம் மிகுந்த இவ்வட்டாரக் காற்றில், ஹார்டனரிலுள்ள அமைன் காற்றின் நீராவியோடும் கரியமில வாயுவோடும் கூடி, பிசுபிசுத்த வெண்படலமாக மேலெழுவதுண்டு. வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் கொண்டு அப்படலத்தைக் கழுவாமல் அனுப்பிய மேசை, வீட்டார் துடைக்கும் திரவத்தின் குற்றமின்றியே மங்கலாகத் தோன்றும். தொடுவதற்கு இறுகியதுபோல் தெரிந்தாலும், ரெசின் முழுவதும் முதிர ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை செல்லுமாதலால், அவசரப்பட்டு அனுப்பிய மேசையை மென்மையான திரவமும் கெடுக்கக்கூடும். மேலும், பலர் எபோக்சியின்மேல் பாலியூரித்தேனோ மெழுகெண்ணெயோ பூசுகிறார்கள். அப்படியாயின் வீட்டார் துடைப்பது அந்தப் பூச்சையே; எந்தப் பூச்சு என்று நாம் சொல்லாவிடில் அவர்கள் எவ்வாறு அறிவார்கள்?

எங்கள் அபிப்பிராயம் இது: பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, வெதுவெதுப்பான நீர், மைக்ரோஃபைபர் துணி, பின்பு உலர்ந்த துணி. இதற்கு மேலான எதனையும், அதே கலவையில் வார்த்த சிறு வில்லை ஒன்றின்மேல் ஓர் இரவு நனைத்துவைத்துப் பார்த்த பின்னரே சிபாரிசு செய்யவேண்டும். பட்டறைக்காரர்கள் அவ்வில்லையைத் தம்மிடம் பத்திரப்படுத்தி, வார்த்த தேதி, மேற்பூச்சின் பெயர், பயன்படுத்தக்கூடிய திரவம், கூடாதவை ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு மேசையோடு கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தாளைக் கொடுக்காத பட்டறை, மங்கிய மேசையை மெருகேற்றித் தரக் கூலி கேட்பது நியாயமன்று.