கணக்கின் முதற்படி தமிழே

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கண்டார் வள்ளுவர். நாமோ ஒரு கண்ணைக் கணிதத் துறையிடமும் மறு கண்ணைத் தமிழ்த் துறையிடமும் ஒப்படைத்துவிட்டோம். பள்ளிக் கணக்கில் மாணவர் இடறுவது பெருக்கலிலும் வகுத்தலிலும் மட்டுமன்று. வினாவைப் படிக்கும் இடத்திலேயே பலர் இடறுகின்றனர் என்பது நம் கருத்து.

நூறு ரூபாய்ப் பொருளின் விலை '20 ரூபாய் குறைந்தது' என்றால் புதிய விலை 80. '20 ரூபாயாகக் குறைந்தது' என்றால் 20. 'ஆக' என்னும் சிறு சொல் 60 ரூபாயை விழுங்கிவிடுகிறது!

6 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்? எண்களை மட்டும் பார்ப்பவர் 15-ஐ 10-ஆல் பெருக்கி, 6-ஆல் வகுத்து, 25 நாள் என்பர். ஆள் கூடினால் நாள் கூடுமோ? படிப்படியாகச் சொல்லிப் பார்ப்போம். 6 பேரின் 10 நாள் உழைப்பு, ஒருவரின் 60 நாள் உழைப்புக்குச் சமம். அதை 15 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 4 நாள். இடையில் வந்த அந்த 60-தான் கணக்கின் உயிர்.

காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாக்காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்துச் சுளைகளை அறியச் சொல்கிறது. மனத்தில் நிற்கும் வழி அது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியோ வழியோடு காரணத்தையும் தந்தார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? 10-இல் பாதி 5, அதன் வர்க்கம் 25, 39-உடன் கூட்ட 64, வர்க்கமூலம் 8, அதில் 5 போக 3. குறியீடுகள் இன்றிச் சொற்களாலேயே இதனை விளக்கிப் பின் சதுரம் வரைந்து மெய்ப்பித்தார். வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளும் அந்நூலில் உள்ளன. பங்கு வந்த வழியை அறிந்தவரே பங்கீட்டை நீதியென ஏற்பர் அன்றோ!

பொதுத்தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் வழிகாட்டி நூலிலிருந்து மனனம் செய்த படிக்கும் அதே மதிப்பெண்தான். வாழ்க்கை அவ்வாறு மதிப்பெண் வழங்குவதில்லை. 'மூன்று வட்டி' என்று கேட்க எளிதாக இருக்கும். அது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36. 10,000 ரூபாய்க் கடனுக்கு ஓராண்டு வட்டி 3,600. இந்தப் படிகளைப் போட்டுப் பாராத குடும்பம் எதை இழக்கும் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, நம் தமிழ்த் துறை மாணவர் வாரம் ஒரு மணி நேரம் நசரத்பேட்டை, பூவிருந்தவல்லிப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து, கணக்கு வினாக்களை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு படியையும் பிள்ளைகளின் சொந்தச் சொற்களில் சொல்ல வைக்கலாம். சமுதாயப் பெரியோர்களும் பிள்ளைகளிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்பதற்கு முன் 'விடை எப்படி வந்தது?' என்று கேட்பார்களாக!