வாத்தியாரைக் கவனிக்க மலை ஏறுவது யார்?

போடி:

விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து ஜீப்கள் உறுமிக்கொண்டு போடிமெட்டு ஏறுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்துப் பெண்கள். 17 கொண்டை ஊசி வளைவு தாண்டினால் கேரளா. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது இவர்கள் ஏலச்செடிக்கு நடுவே குனிந்து நிற்பார்கள். பிள்ளை பள்ளிக்குப் போச்சா, வாத்தியார் வந்தாரா? யாரைக் கேட்பது?

"வாத்தியாருங்க ஒழுங்கா வர்றதில்லே" என்று டீக்கடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். விஷயம் அத்தனை சுலபம் இல்லை.

இருப்பதே 2 பேர்!

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். சின்ன மலைக் குடியிருப்புகளில் அவ்வளவுதான் கிடைக்கும். அந்த 2 பேரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். பாடமும் அவரே நடத்தணும். ரிஜிஸ்டர், சத்துணவுக் கணக்கு, 'எமிஸ்' கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் அவர் தலையில். கூட்டம் என்று அவர் கீழே இறங்கினால், அன்றைக்கு 5 வகுப்பும் ஒரே ஆள் கையில்! இதில் மேற்பார்வைக்கு நேரம் ஏது?

அதேசமயம், தலைமை ஆசிரியர் 9 மணிக்கு வந்தால் அடுத்தவரும் வருவார். அவரே 'மெதுவாப் போகலாம்' என்றால் அடுத்தவருக்கு அவசரம் என்ன?

2003-ல் இந்தியா முழுக்க முன்கூட்டிச் சொல்லாமல் போய் ஒரு கணக்கு எடுத்தார்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் 4 ஆசிரியருக்கு ஒருவர் அன்றைக்கு இல்லை! இன்ஸ்பெக்ஷன் ஒழுங்காக நடக்கும் பள்ளிகளிலும், தார் ரோட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளிலும் இது குறைவு. வேடிக்கை என்னவென்றால், மற்ற ஆசிரியர்களைவிட தலைமை ஆசிரியர்களே அதிகம் காணோம்!

2017-ல் அசிம் பிரேம்ஜி பவுண்டேஷன் 6 மாநிலங்களில் பார்த்தது. 100-க்கு 18.5 பேர் பள்ளியில் இல்லை. ஆனால் காரணமே இல்லாமல் மட்டம் போட்டவர்கள் 2.5 பேர்தான். மற்றவர்கள் லீவு, டிரெயினிங், சர்க்கார் வேலை!

கையெழுத்து போதுமா?

போடியிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோ மீட்டர். அதற்கு மேலே ஜீப், பிறகு நடை. வட்டாரக் கல்வி அலுவலர் அத்தனையும் தாண்டி வந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு அரை மணியில் இறங்கிவிட்டால், ஆசிரியரும் ரிஜிஸ்டரை மட்டும்தான் பளிச்சென்று வைத்திருப்பார். முதுவர் வீட்டுப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. அந்தப் பிள்ளை வாசிப்பதை வகுப்பில் உட்கார்ந்து கேட்டு, "இப்படிச் சொல்லிக் கொடுத்துப் பாருங்க சார்" என்று சொல்லிப் போகிற அதிகாரி வந்தால், மலை ஏறி வேலை பார்க்கிறவருக்கும் ஒரு தெம்பு. மெமோ கொடுத்தால் ஆள் வருவார், பாடம் வருமா?

மேலிடமும் நிலையாக இல்லை. தொடக்கப் பள்ளிகளுக்கென்று தனியாக இருந்த மாவட்ட அதிகாரி பதவியை 2018-ல் எடுத்தார்கள். 2022-ல் தொடக்கக் கல்விக்கு மறுபடியும் தனி மாவட்டக் கல்வி அலுவலர்! நடுவில் 4 வருஷம் போச்சு.

பெற்றோர் எங்கே?

பக்கத்திலேயே இருந்து கவனிக்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி உறுப்பினர்களில் 4-ல் 3 பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் பள்ளி நேரத்தில் நடந்தால், தோட்டத்துக்குப் போன தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவாளா? தீர்மான நோட்டு மட்டும் வீடு தேடி வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

சாயங்காலம் ஜீப் போடியில் வந்து நிற்கும்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.